முதல் குடம் வரவில்லை

கந்தப்பனைப் பார்த்து யாராவது "சௌக்கியமா இருக்கீங்களா?" என்று கேட்டால் அவர் உடனே பதில் சொல்லிவிட மாட்டார். இவன் எதற்கு இன்றைக்கு என் சௌக்கியத்தைக் கேட்கிறான் என்று கேட்டவன் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர் கலந்துவிட்டான் என்பார். சிரிக்காமல் போனால், கலந்ததால்தான் முகம் கொடுக்காமல் போகிறான் என்பார். "உங்களுக்கு ஒரு சந்தேகத்தத் தொட்டுக்காமச் சோறு எறங்காதுங்க" என்று அவர் மனைவி நாச்சம்மாள் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டாள்.

அவரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. தொழில் அப்படி. பெருமாட்டி ஊரைச் சுற்றி யார் கிணறு வெட்டினாலும் நீரோட்டம் பார்த்துச் சொல்வது கந்தப்பன்தான். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, உரித்த தேங்காய் ஒன்றை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு, காட்டில் குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். அடியில் ஊற்று ஓடுகிற இடம் வந்ததும் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். அங்கே வலது குதிகாலை ஊன்றி ஒரு சுழற்றுச் சுழற்றுவார். மண்ணில் விழுகிற அந்தக் குழிதான் குறி. கண்ணால் காணாத ஒன்றை உண்டென்று அடித்துச் சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அதன் பிறகு, தோண்டியவன் வந்து சொல்லும்வரை, தான் சொன்னது மெய்யா பொய்யா என்பது சொன்னவருக்கே தெரியாது. இப்படி வருஷக்கணக்காகப் பிழைத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

போய் எட்டிப் பார்த்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அது கூடாது. குறி வைத்த ஆள் வேலை முடியும் முன்னால் கிணற்று மேட்டில் கால் வைத்தால் ஊற்று விலகிப் போகும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. நிலத்துக்காரர் கூப்பிடாமல் போகவே முடியாது. தண்ணீர் கண்டால், முதல் குடத்தில் யாரும் வாய் வைக்காமல், நிலத்துக்காரரே தோளில் வைத்து ஊர் பார்க்க நடந்து வந்து கந்தப்பன் வீட்டு வாசலில் இறக்குவார். கூடவே ஒரு வேட்டியும் தேங்காய் பழமும் வரும். தண்ணீர் காணவில்லை என்றால் அதற்கும் ஒரு முறை உண்டு. குறி வைத்தவரே அந்தக் கிணற்றுக்குப் போய், மேட்டில் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டு, "என் வாக்கை நானே எடுத்துக்கறேன்" என்று ஒரு பிடி மண்ணை மடியில் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். கந்தப்பன் அப்படி இரண்டு முறை மண் கட்டியிருக்கிறார். இரண்டு முறையும் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

ஆக, தண்ணீர் வந்தாலும் சொல்ல வேண்டும், வராவிட்டாலும் சொல்ல வேண்டும். ஆனால் மனிதர்கள் இருக்கிறார்களே! கூப்பிடும்போது வாசலில் வந்து காத்துக் கிடப்பார்கள். காரியம் ஆனதும் அவர்கள் வாயில் கொழுக்கட்டையை வைத்தது போல ஆகிவிடும்.

அப்புசாமி அப்படி ஆனதுதான் கந்தப்பனால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் அப்புசாமி பெரிய குடித்தனக்காரர், கொடுத்த சொல்லைக் காப்பாற்றுகிறவர். அந்த எழுபத்து நான்காம் வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கார்த்திகை மாதம் அப்புசாமியே வந்து கூப்பிட்டார். அவருடைய மேற்குக் காடு முழுக்கப் பாறைக்காடு, எள்ளும் கொள்ளும்கூட யோசித்து முளைக்கிற இடம். அங்கே கந்தப்பன் கையில் தேங்காய் எழுந்து நின்ற வேகத்தைப் பார்த்து அப்புசாமிக்கே மேல் சிலிர்த்துவிட்டது. "கந்தப்பா, மொதக் கொடத்த மேளம் வெச்சுக் கொண்டாறனுங்க" என்றார். கந்தப்பன் அதையும் சந்தேகப்பட்டார். மேளம் கேட்டது யார்?

தை மாதம் உடுமலைப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து வெட்ட ஆரம்பித்தார்கள். கந்தப்பன் வீடு இருந்த சிறு தென்னந்தோப்பு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். பாறைக்கு வேட்டு வைக்கும்போதெல்லாம் அவர் வீட்டுச் சட்டி பானை அதிரும். அந்த அதிர்வுதான் அவருக்குத் தபால். இன்றைக்கு மேல் பாறை, இன்றைக்குக் கரும்பாறை என்று சத்தத்தை வைத்தே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மாசி முடிகிற சமயத்தில் ஒரு நாள் சத்தம் நின்றது. வெட்டின ஆட்கள் மூட்டை முடிச்சோடு பஸ் ஏறியதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். கந்தப்பன் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைக்கச் சொன்னார். குடம் வரவில்லை.

இன்று வரும், நாளைக்கு வரும் என்று கொஞ்ச நாள் போயிற்று. பிறகு கந்தப்பன் ஆள் மூலம் சொல்லிவிட ஆரம்பித்தார். கேட்பதற்கு ஒரு விதம் இருக்கிறது. "தண்ணீர் வந்ததா?" என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் கேட்டவனுக்கே நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் அப்புசாமியை வழக்கமாகப் பார்க்கிற தரகர் ஒருவரைப் பிடித்தார். "கந்தப்பன் ஊட்டுலதான் இருக்கானாம், வெளியூரு எங்கியும் போகலையாம், இத மட்டும் அப்புசாமி அண்ணன் காதுல போட்டுருங்க" என்று சொல்லியனுப்பினார். இதைவிட மரியாதையாக எப்படிக் கேட்பது? அடுத்த சந்தையில் தரகர் சொன்னார்: "சொன்னனுங்க. கேட்டுக்கிட்டாருங்க."

"கேட்டுக்கிட்டு?"

"கேட்டுக்கிட்டு ஒரு கெடேரிக்கு வெல கேட்டாருங்க."

கந்தப்பன் அந்தக் கிடேரியையும் சந்தேகப்பட்டார். கறவைக்குப் புல் வேண்டும், புல்லுக்குத் தண்ணீர் வேண்டும். கிணறு வற்றல் என்றால் எவனாவது கிடேரிக்கு விலை கேட்பானா? ஆனால் வாங்கவில்லையே. வாங்காததும் சந்தேகமாக இருந்தது.

பங்குனியில் ஒரு நாள், சந்தைமுக்கு டீக்கடையில் அப்புசாமி வருகிற நேரம் பார்த்துப் போய் உட்கார்ந்தார். அப்புசாமி உள்ளே வந்தவர், இவரைக் கண்டதும் ஒரு கணம் வாசலிலேயே நின்றார். பிறகு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"சௌக்கியங்களா அண்ணா? ஊட்டுல எல்லாரும் சொகந்தானுங்களே?" என்றார் கந்தப்பன்.

"இருக்கறமுங்க."

"மேக்காட்டுப் பக்கமா வெள்ளாம ஏதாச்சும் போடற யோசன உண்டுங்களா?"

அப்புசாமி டீயை ஊதிக்கொண்டே இருந்தார். அந்த டீ எப்போதோ ஆறிப் போயிருந்தது. "பார்க்கலாமுங்க" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். அவர் கந்தப்பன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கந்தப்பனின் இரண்டு கைகளையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பார்வை கந்தப்பனை உலுக்கிவிட்டது. அடுத்த சந்தைக்குள் பேச்சு கிளம்பிற்று. அப்புசாமி கிணற்றில் ஒரு சொட்டு இல்லையாம், அடி வரைக்கும் கரும்பாறையாம், கந்தப்பன் கையில் வாக்குப் போய்விட்டதாம். போதாக்குறைக்குப் பாறையில் வைத்த வேட்டு ஒன்று வெடிக்காமல் உள்ளேயே கிடக்கிறதாம், கிட்டே போனால் ஆபத்து என்று சுற்றிலும் முள் வெட்டிப் போட்டுவிட்டார்களாம். சொன்னது யார் என்று கேட்டால், அப்புசாமியே சொன்னாராம். சித்திரையில் கிணறு வெட்டக் கந்தப்பனுக்கு வெற்றிலை வைத்திருந்த காளிச்சாமி என்பவர், இப்போதைக்கு வேண்டாம் என்று ஆள் அனுப்பினார். பொள்ளாச்சியிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவரப் போவதாகவும் கேள்வி. அப்புறம் கந்தப்பன் வாசலுக்கு யாருமே வரவில்லை.

உலகத்தையெல்லாம் சந்தேகப்பட்டவர் இப்போது தன் கையைச் சந்தேகப்பட ஆரம்பித்தார். தன் கிணற்று மேட்டில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து பார்த்தார். எழுந்து நின்றது. இங்கே தண்ணீர் இருப்பது எனக்குத் தெரியும், என் கைக்கும் தெரியும், அதனால் கையே தூக்கிவிட்டிருக்கும் என்று நினைத்தார். அடுத்தவர் காட்டில் போய் நடந்து பார்க்கலாம் என்றால், பைத்தியம் பிடித்துவிட்டது என்பார்கள். சாப்பிடும்போதுகூட அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருஷமாகத் தன்னைக் காப்பாற்றிய கை பொய் சொல்லத் தொடங்கிவிட்டதோ என்று நினைக்கும்போது அவருக்கு அழுகை முட்டியது.

"மூணாவது தடவ தப்பிப்போச்சு நாச்சா. இனி இது வேண்டாம். வாக்கு எடுத்துட்டு வந்துட்டு, சித்திரையோட தேங்காயக் கீழ வெச்சர்றேன்."

"தப்பிப்போச்சுன்னு அவரு உங்ககிட்ட வந்து சொன்னாருங்களா?"

"ஊரே சொல்லுது."

"ஊரு சொன்னா? மொறைன்னு ஒண்ணு இருக்கில்லீங்க. அவருதான சொல்லோணும்?"

கந்தப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாஸ்தவம். தண்ணீர் இல்லை என்றால் வாக்கு எடுக்க அப்புசாமி கூப்பிட்டிருக்க வேண்டும். வாக்கு எடுக்காத வறண்ட கிணற்றைக் காட்டில் வைத்துக்கொள்ள யாருக்கும் துணிச்சல் வராது, குடும்பத்துக்கு ஆகாது. டீக்கடையில் எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் அப்புசாமி அதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மறுநாள் நாச்சம்மாள் சல்லடை இரவல் கேட்கிற சாக்கில் அப்புசாமி வீட்டுக்குப் போனாள். அப்புசாமியின் மனைவி வள்ளியாத்தாள் அவளை உட்காரவைத்து, ஆளைக் கூப்பிட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தாளாம். வெயிலில் வந்தவளுக்கு அவ்வளவு உபசாரம் என்று நாச்சம்மாள் பூரித்துப்போய்த் திரும்பினாள்.

"எளநி குடுத்தாளா? மொதல்ல தண்ணி குடுத்தாளா?" என்றார் கந்தப்பன்.

"அதுதான் எளநி குடுத்தாளேங்க."

"ஊட்டுக்கு வந்தவளுக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுக்கல. ஏன் குடுக்கல?"

"எளநியிலயும் உங்களுக்குச் சந்தேகமா! சாமீ, என்னால ஆகாது." நாச்சம்மாள் சல்லடையைத் தூக்கி மூலையில் போட்டாள்.

ஆனால் விஷயம் நாச்சம்மாள் மூலமாகத்தான் வந்தது. அதுவும் அவள் தேடாமலே வந்தது. சித்திரை பிறந்த பிறகு அவள் வேலந்தாவளத்தில் வளையல் போட்டுக்கொள்ளப் போனாள். வளையல் கடைக்காரி செபமாலையம்மாளுக்குக் கை வளையல் போட்டால் வாய் கதை போடும். "உங்கூரு வள்ளியாத்தாளுக்கு எத்தன பொண்ணுங்க?" என்று அவள் கேட்டாள்.

"பொண்ணே இல்லீங்களே. ஒரே பையன். ஏனுங்க?"

"மாசிக் கடைசியில வந்து காதோலை கருகமணி ஏழு செட்டு வேணும்னாங்க. நானும் ஆடி மாசத்துக்குன்னு கட்டி வெச்சிருந்த பெட்டியப் பிரிச்சுக் குடுத்தேன். ஆடிக்கு இன்னும் எத்தன நாளு கெடக்குது, இப்ப எதுக்குங்கன்னேன். பதிலே சொல்லலீங்க."

நாச்சம்மாள் போட்ட வளையலோடு ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள்.

காதோலை கருகமணி ஏழு செட்டு என்றால் அந்தப் பக்கத்தில் கேட்கவே வேண்டாம், கன்னிமாருக்குத்தான். கிணற்றில் தண்ணீர் கண்டதும் கரையில் ஏழு கல் நட்டு, மஞ்சள் பூசி, ஏழு கன்னிமாருக்கும் காதோலையும் கருகமணியும் படைத்துக் கும்பிட்ட பிறகுதான் அந்தத் தண்ணீரை வீட்டில் புழங்குவார்கள். வறண்ட கிணற்றுக்கு யாரும் கல் நட மாட்டார்கள். அப்புசாமிக்கு ஊரை ஏமாற்றத் துணிவு இருந்திருக்கிறது. கன்னிமாரை ஏமாற்ற அவருக்கும் துணிவில்லை, அவர் பெண்டாட்டிக்கும் துணிவில்லை. தண்ணீர் கொடுக்காமல் இளநீர் கொடுத்ததும் அதனால்தான். குறி வைத்தவர் வீட்டுக்கு முதல் குடம் போகாமல் அவர் பெண்டாட்டிக்கு வள்ளியாத்தாள் அந்தத் தண்ணீரை எப்படி நீட்டுவாள்? கையில் தெம்பு வர வேண்டாமா!

"தண்ணி வந்துருக்குது நாச்சா" என்றார் கந்தப்பன். அரை நாழிகை சந்தோஷப்பட்டார். அப்புறம் கோபம் வந்தது. அப்படியொரு கோபம் அவருக்கு அதற்கு முன் வந்ததில்லை.

காரணமும் சீக்கிரமே வாசல் தேடி வந்தது. அப்புசாமிக்குச் செங்கோட்டையன் என்று ஒரு தம்பி. மறையூரில் பெண் கட்டி, அங்கேயே கரும்பாலை போட்டு வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தான். அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்க நாள் குறித்து அவன் வந்திருந்தான். பாகத்தில் அங்கே ஒரு வழக்கம். மூத்தவன் சொத்தை இரண்டாகப் பிரித்து வைக்க வேண்டும், இளையவன் முதலில் தன் பங்கை எடுத்துக்கொள்ள வேண்டும். யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது என்றுதான் அப்படி வைத்தார்கள். அப்புசாமி பிரித்து வைத்திருந்தது இப்படி: கிழக்கே பழைய கிணறும் தென்னந்தோப்பும் ஒரு பங்கு, மேற்கே அதைப் போல இரண்டு மடங்கு பாறைக்காடும் வேட்டு கிடக்கிற கிணறும் ஒரு பங்கு. பார்க்கிற யாரும் தோப்பைத்தான் எடுப்பார்கள்.

செங்கோட்டையன் நேராகக் கந்தப்பனிடம் வந்தான். "எனக்கென்னமோ மனசு சரியில்லீங்க. அண்ணன் எனக்கு நல்லதக் குடுத்துட்டுக் கெட்டத எடுத்துக்கற ஆளு இல்லீங்க. நீங்க குறி வெச்ச கெணறு. தண்ணி இருக்குதுங்களா, இல்லீங்களா?"

உள்ளே நாச்சம்மாள் கதவோரம் வந்து நின்றாள். கந்தப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"அதச் சொல்ல வேண்டியவங்க வேற ஆளுங்க" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"குறி வெச்சதோட என் சோலி முடிஞ்சுதுங்க. அதுக்கு மேல நெலத்துக்காரரு சொல்றதுதானுங்க."

செங்கோட்டையன் முகம் தொங்கிப்போய்த் திரும்பினான். அவன் தலை மறைந்ததும் நாச்சம்மாள் வெளியே வந்துவிட்டாள். "ஏனுங்க, உங்க பேரக் கெடுத்தவருக்கு நீங்க காவலா?"

"அவருக்குக் காவலில்ல. ஒருத்தன் காட்டுத் தண்ணிய இன்னொருத்தங்கிட்டச் சொன்னேன்னா, நாளைக்கு எவன் என்னைத் தன் காட்டுக்குள்ள நடக்க விடுவான்? கை போனாலும் பொழச்சுக்கலாம். வாய் போனாப் பொழைக்க முடியாது." சொல்லிவிட்டு அன்றைக்கெல்லாம் தோப்பில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். கோபம் ஒரு பக்கம், முறை ஒரு பக்கம். சொல்லவும் கூடாது, சொல்லாமல் விட்டால் தன் பேரும் போகும், அந்தத் தம்பியும் ஏமாந்து போவான். சாயங்காலம் பித்தளைக் குடத்தை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார்.

பாகம் பிரிக்கிற அன்று அப்புசாமி வீட்டு முற்றத்தில் ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். செங்கோட்டையன் இன்னும் வாய் திறக்கவில்லை. அப்புசாமி ரொம்ப அன்பாக, "உனக்கு எது பிரியமோ அத எடுத்துக்கடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கந்தப்பன், தோளில் வெறுங்குடமும் மடியில் கற்பூரமுமாக உள்ளே வந்தார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புசாமி முகம் வெளுத்துவிட்டது.

கந்தப்பன் குடத்தை இறக்கி வைத்து எல்லோருக்கும் கும்பிடு போட்டார். "நல்ல காரியத்துக்கு நடுவால வந்துட்டனுங்க, மன்னிக்கோணும். அண்ணன் மேக்காட்டுல நான் வெச்ச குறி தப்பிப்போச்சுன்னு ஊரெல்லாம் பேச்சுங்க. அண்ணனே சொன்னாருன்னும் கேள்விப்பட்டனுங்க. தப்புனா வாக்கு எடுக்கறது மொறைங்க. கெணறு பங்குக்குப் போறதுக்கு முன்னால எடுத்தர்றனுங்க. இல்லீன்னா எடுக்கற தம்பிக்கு ஆகாதுங்க."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். "நாயந்தானே" என்றார் ஒருவர்.

"அதெல்லாம் என்னத்துக்குங்க" என்றார் அப்புசாமி. "நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல. போகட்டும் உடுங்க."

"நீங்க பெரிய மனசு பண்றீங்க. என் மனசு கேக்கலீங்க."

"வேட்டு கெடக்குதுங்க உள்ள! கிட்டப் போகக் கூடாது."

"தப்பு என்னுதுங்க. வெடிச்சா என்னோட போகட்டுமுங்க" என்று சொல்லிவிட்டுக் கந்தப்பன் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேற்குக் காட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார். இவ்வளவு நாளாக அந்த வரப்பில் கால் வைக்க அவருக்கு உரிமை இல்லை. குறி தப்பிவிட்டது என்று சொல்லி அந்த உரிமையை அப்புசாமியே கொடுத்துவிட்டார்.

பாதி தூரம் போகும்வரை யாரும் அசையவில்லை. பிறகு செங்கோட்டையன் எழுந்தான். "ஏனுங்கண்ணா, ஒரு மனுசன் வேட்டு மேல நடந்து போறாரு. நீங்க உக்காந்தே இருக்கறீங்க?"

அப்புசாமி பாயின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"தடுக்க மாட்டீங்களா? அண்ணி, நீங்களாச்சும் சொல்ல மாட்டீங்களா?"

வள்ளியாத்தாள் நிலைப்படியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் பயம் இல்லை, வெட்கம் இருந்தது. செங்கோட்டையன் அதைப் பார்த்தான். அப்புறம் அவன் ஓடினான், பெரியவர்களும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

கந்தப்பன் முள்ளை ஒதுக்கிக்கொண்டு கரையில் நின்றார். கிணற்றின் வாய் தென்னங்கீற்றால் மூடியிருந்தது. பக்கத்தில் ஏழு கற்கள், காய்ந்த மஞ்சளும் குங்குமமுமாக வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மேலும் காதோலையும் கருகமணியும் இருந்தன. கந்தப்பன் கீற்றைத் தொடவே இல்லை. கன்னிமார் முன்னால் குடத்தை வைத்தார், கற்பூரம் கொளுத்தினார், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். மண்ணை மடியில் கட்டவில்லை. திரும்பி நின்று, "வாக்கு எடுக்க வந்தனுங்க. எடுக்கறதுக்கு இங்க ஒண்ணுமில்லீங்க" என்று மட்டும் சொன்னார்.

கீற்றை விலக்க எல்லோரும் தயங்கினார்கள். கடைசியில் வள்ளியாத்தாள்தான் வந்தாள். கீற்றைத் தள்ளி, அந்தப் பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். படிக்கட்டே வெட்டி வைத்திருந்தார்கள். குடம் முங்குகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ததும்பத் ததும்பக் கொண்டுவந்து கந்தப்பன் காலடியில் வைத்து, "இதக் குடுக்காம எனக்கு ஒரு நாளும் தூக்கம் புடிக்கலீங்க" என்று சொல்லி அழுதாள்.

கந்தப்பன் குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். நல்ல தண்ணீர், இளநீருக்கு நிகரான தண்ணீர். கையைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாளும் இந்தக் கையைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

செங்கோட்டையன் மேற்குக் காட்டை எடுத்துக்கொண்டான். பிரித்து வைத்தது அப்புசாமியே என்பதால் பெரியவர்களிடம் முறையிடவும் அவருக்கு வழியில்லாமல் போயிற்று. ஊர் முழுக்க ஒரே பேச்சு. கந்தப்பன் ஒரு வார்த்தை காட்டிக் கொடுக்கவில்லையே, வெறுங்குடத்தைத்தானே கொண்டுபோனார் என்று வியந்தார்கள். காளிச்சாமி மறுபடி வெற்றிலையோடு வந்தார். அதன் பிறகு கந்தப்பன் குறி வைத்த எந்தக் கிணற்றிலும் சேதி தாமதமானதில்லை. தண்ணீர் கண்ட ஈரக் காலோடு ஓடிவந்து சொன்னார்கள். பாறை தட்டினால் அதையும் ஓடிவந்து சொன்னார்கள். வெறுங்குடத்தோடு அவர் வந்து நிற்கிற நிலைமையை யாரும் வரவழைத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

ஆடி மாதம் ஒரு காலையில் வாசலில் நிழலாடியது. அப்புசாமி நின்றுகொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார். பழைய கிணறு வற்றிவிட்டது, தோப்பு காய்கிறது, புதிதாக ஒரு கிணறு வெட்ட வேண்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பொள்ளாச்சியில ஆளு இருக்குதாமுங்களே" என்றாள் நாச்சம்மாள் உள்ளேயிருந்து.

"வேற ஆளு மேல எனக்கு நம்பிக்க இல்லீங்க" என்றார் அப்புசாமி. அதுதான் உண்மையும்கூட. ஊரே கந்தப்பனின் கையைச் சந்தேகப்பட்ட அந்த நாட்களில், கந்தப்பனே சந்தேகப்பட்ட அந்த நாட்களில், அந்தக் கை பொய் சொல்லாது என்று தெரிந்து வைத்திருந்த ஆண்பிள்ளை அப்புசாமி ஒருவர்தான்.

கந்தப்பன் தேங்காயை எடுத்துக்கொண்டு போனார். தோப்பின் தென் மூலையில், யாரும் நினைக்காத ஒரு மேட்டில் தேங்காய் எழுந்து நின்றது. குதிகாலை ஊன்றி ஆழமாகச் சுழற்றினார்.

அப்புசாமி அந்தக் குழியைப் பார்த்தார், கந்தப்பன் முகத்தைப் பார்த்தார், மறுபடி குழியைப் பார்த்தார். பழி வாங்கப் பாறையைக் காட்டுகிறானோ? நிஜமாகவே தண்ணீரா? தோண்டி முடிக்கும்வரை இனி அவர் கண் மூட முடியாது என்பது கந்தப்பனுக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தூக்கமின்மை எப்படி இருக்கும் என்பதும் அவருக்கு நன்றாகவே தெரியும்.

"கந்தப்பா, நெசமாத்தானுங்களே? தண்ணி வந்துருமுங்களா?"

கந்தப்பன் செருப்பை மாட்டிக்கொண்டார். அப்புசாமியின் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் கைகளைப் பார்த்தார்.

"பார்க்கலாமுங்க" என்றார்.